பெரட்டில் யார் பெயர் விடுபட்டது?

“ஹார்ட் டிஸ்க்கைக் காணோமாம் தம்பி. முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தது.”

மண்டோர் மாமா அந்தப் பழைய கணினிப் பெட்டியைக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் இரண்டு கால்களுக்கும் நடுவே நிறுத்திக் கொண்டுவந்திருந்தார். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆள்களை மேற்பார்க்கும் கங்காணி. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்து வெகுநாள் ஆகியும் ஊரில் அவருக்கு அந்தப் பெயர்தான். கணினி 2005 வாக்கில் வாங்கியது, உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. காணாமல்போன டிஸ்க்கில் மகளின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. அதனால்தான் காலையிலேயே வந்துவிட்டார்.

“எங்கே காணோம் மாமா?” என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. “கம்ப்யூட்டர்லதான்” என்றார். பழைய கணினியோடு மல்லுக்கட்டும் முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ‘காணோம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். யாருடைய கண்ணுக்குக் காணோம் என்று கேட்பதில்லை.

மாமாவுக்குப் பெரட்டை, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவதை, வைத்துச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது. விடியும் முன்னே ஆள்கள் ஆபீஸ் முன்னால் வந்து நிற்பார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்கு நிரை, அதாவது பால் வெட்ட ஒரு மரவரிசை, உண்டு, கொடுக்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. அந்தக் கணக்கு ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் போய்ச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறும். சுவிட்சைத் தட்டியதும் கணினிக்குள் நடப்பதும் இதுதான். மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில் ஒரு சின்ன சில்லுக்குள் பயாஸ் என்ற நிரல் இருக்கிறது. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே அது கண்விழித்து மெமரி இருக்கிறதா, திரை அட்டை இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிடும். முதல் பெரட்டு அது. அப்புறம் பொறுப்பு விண்டோஸின் கைக்குப் போகும். விண்டோஸ் தன் செக்ரோலைத் திறந்து மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டு, யாருக்கு என்ன டிரைவர், அதாவது அந்தக் கருவியை ஓட்டும் நிரல், என்று பார்க்கும். மூன்றாவதாக, டிஸ்க்காக இருந்தால் அதன் பிரிவுகளைப் படித்து சி, டி என்று எழுத்துக் கொடுக்கும். இது முடிந்தால்தான் நம் கண்ணுக்கு ‘மை கம்ப்யூட்டர்’ பக்கத்தில் டிஸ்க் தெரியும்.

ஆக, எந்தப் பெரட்டில் பெயர் விடுபட்டது என்பதுதான் முதல் கேள்வி. பயாஸே ஒரு டிஸ்க்கைப் பார்க்கவில்லை என்றால் நாள் முழுக்க டிரைவர் தேடி இறக்கினாலும் பலனில்லை. ஆள் தோட்டத்துக்கே வரவில்லை, செக்ரோலைத் திருத்தி என்ன செய்வது? மாறாக, பயாஸ் டிஸ்க்கின் மாடல் எண்ணைச் சரியாகக் காட்டுகிறது, விண்டோஸில்தான் இல்லை என்றால், பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடுங்குவது அனேகமாக வீண்வேலை.

பயாஸுக்குள் போக, சுவிட்ச் போட்டதும் டிலீட் விசையை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். சில கணினிகளில் எஃப்2. திரையின் அடியில் ஒரு நொடி எழுதிக் காட்டும். உள்ளே முதல் பக்கத்திலேயோ அதற்கு அடுத்த பக்கத்திலேயோ டிஸ்க்குகளின் பட்டியல் இருக்கும். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: பயாஸ் எல்லோர் பெயரையும் கூப்பிடுவதில்லை. பிரிண்டர், வெப்கேம், ஸ்கேனர் போன்றவற்றை அங்கே தேடாதீர்கள், இருக்காது.

மாமாவின் கணினியில் பயாஸைத் திறந்தேன். பட்டியலில் ஒரே ஒரு டிஸ்க், அதுவும் பெயர் குழம்பி, நடுவில் விசித்திரக் குறிகளோடு. முதல் பெரட்டிலேயே தகராறு. சரி, அப்படியென்றால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

திறப்பதற்கு முன் அடுத்த கேள்வி: “இதைக் கடைசியாகத் திறந்தது யார்?” யாரும் திறக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாமாவும் சொன்னார். ஆனால் திருகு ஒன்று புதிதாகப் பளபளத்தது. கொஞ்சம் தோண்டியதும் கதை வெளியே வந்தது. அதற்கும் முந்தைய கணினி ஒன்று வீட்டில் இருந்ததாம். அது படுத்துவிட, பேரன் அதிலிருந்த 40 ஜிபி டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறான். ‘முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்தது’ அந்தப் பழைய பெட்டியில்.

இனி ஐடிஇ என்ற பழைய டிஸ்க் இணைப்பு முறை பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2003 வாக்கில் சாட்டா என்ற புதிய இணைப்பு முறை வருவதற்கு முன் வாங்கிய கணினிகளிலும், அதற்குப் பிறகு சில வருடம் வந்தவற்றிலும், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது பட்டையான சாம்பல் நிற ரிப்பன் கேபிள். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். ஒரே ஒயரில் இரண்டு பேர் பேசினால் யார் முதலில் பேசுவது? அதைத் தீர்மானிக்க டிஸ்க்கின் பின்பக்கம், கேபிள் செருகும் இடத்துக்கும் கரண்டு செருகும் இடத்துக்கும் நடுவில், சின்னச் சின்ன ஊசிகள் இருக்கும். அவற்றில் இரண்டு ஊசியை இணைத்து அரிசியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் ஜம்பர். அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்து டிஸ்க் ‘மாஸ்டர்’ ஆகும், அல்லது ‘ஸ்லேவ்’ ஆகும்.

பழைய பெட்டியில் மாமாவின் 40 ஜிபி டிஸ்க் தனி ராஜா. அதன் ஜம்பர் மாஸ்டரில் இருந்தது. இந்தக் கணினியில் ஏற்கெனவே இருந்த 80 ஜிபி டிஸ்க்கும் மாஸ்டர். பேரன் ஜம்பரைத் தொடாமல் இரண்டையும் ஒரே கேபிளில் மாட்டிவிட்டான். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கிறார்கள். மண்டோருக்கு யார் என்ன சொன்னார்கள் என்றே விளங்கவில்லை. பட்டியலில் பெயர் குழம்பித் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

ஜம்பரை எங்கே வைப்பது என்பதை மனப்பாடமாகச் செய்யாதீர்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டிய காகிதத்தில் படம் போட்டிருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பாருங்கள். ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. சீகேட்டின் ஐடிஇ டிஸ்க்குகளில் ஜம்பரே இல்லாவிட்டால் ஸ்லேவ் என்று அர்த்தம். வெஸ்டர்ன் டிஜிட்டலிலோ தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு ஒரு நிலை, கூட ஒருவன் இருக்கும்போது மாஸ்டராக இருப்பதற்கு வேறு நிலை. தனியாக மாட்டிய டிஸ்க்கில் ‘ஸ்லேவோடு கூடிய மாஸ்டர்’ நிலையை வைத்துவிட்டு, டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப்போட்டவர்களும் உண்டு.

கேபிளையும் பாருங்கள். 40 ஊசிக் கேபிள்தான், ஆனால் உள்ளே ஓடும் கம்பி 40 உள்ளதும் உண்டு, 80 உள்ளதும் உண்டு. 80 கம்பிக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு. ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு அனேகமாகக் கரண்டு செருகும் பக்கம் இருக்க வேண்டும். பிளாப்பி டிரைவ் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஓர் உபரித் தகவல்: அதன் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

சாட்டாவில் இந்த மாஸ்டர் ஸ்லேவ் வம்பு கிடையாது, ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க். அங்கே வேறு தொல்லை. ஆரம்ப காலச் சிவப்பு சாட்டா கேபிள்களில் கொக்கி இல்லை. பெட்டியை நகர்த்தினால், உள்ளே வேறு ஒயர் லேசாக இழுத்தால், ஒரு மயிரிழை நழுவிவிடும். பார்த்தால் மாட்டியிருப்பதுபோலத்தான் தெரியும். கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள், முடிந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். சொல்லவே வேண்டாம், இதெல்லாம் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான். பிடுங்கிய பிறகு பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் போய்விடும். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு அப்புறம் உள்ளே கைவையுங்கள்.

டிஸ்க் பயாஸில் தெரியாமல் ‘டக், டக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் போட்டால் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்: நிறுத்திவிடுங்கள். உள்ளே தரவைப் படிக்கும் தலை தடுமாறுகிறது. திரும்பத் திரும்பச் சுவிட்ச் போட்டால் கொஞ்சநஞ்சம் இருப்பதும் போகும்.

நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் சொந்தக் கணினி ஒருநாள் காலையில் நீலத்திரையைக் காட்டியது, வரிசையின் கடைசியில் 7பி என்று முடிகிற எண். விண்டோஸ் 7 கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அரைநாள் உட்கார்ந்து மறுபடி போட்டேன். ஓடியது. மறுநாள் தற்செயலாக மணி பார்க்கிறேன், தேதி 2009 ஜனவரி 1 என்கிறது. அப்போதுதான் உறைத்தது. மதர்போர்டில் இருபது சென் நாணயத்தைப்போல ஒரு வட்டப் பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது பயாஸின் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பாற்றுவது அதுதான். அது தீர்ந்துபோனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பிறந்த குழந்தையாகிவிட்டது. டிஸ்க்கை ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் பார்க்க வேண்டும் என்று நான் வைத்திருந்த அமைப்பும் போய், பழைய ஐடிஇ முறைக்குத் திரும்பிவிட்டது. விண்டோஸோ அந்த முறைக்குத் தயாராக இல்லை, தன் டிஸ்க்கையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. சில வெள்ளி பேட்டரியும் பயாஸில் ஒரு வரி மாற்றமும் போதும் என்ற இடத்தில் நான் டிஸ்க்கையே அழித்து எழுதியிருக்கிறேன். பழைய கணினியில் தேதி தப்பாகக் காட்டினால், எதையும் தொடும் முன் பேட்டரியை மாற்றுங்கள். எக்ஸ்பியைப் புதிதாகப் போடும்போது ‘டிஸ்க்கே இல்லை’ என்று அது சொன்னால் காரணம் இதன் மறுபக்கம்: எக்ஸ்பிக்கு ஏஎச்சிஐ தெரியாது, பயாஸில் ஐடிஇ முறைக்கு மாற்றிக் கொடுங்கள்.

முதல் பெரட்டில் இன்னொரு வகை உண்டு, திரையே வராமல் ‘பீப்’ சத்தம் மட்டும் வருவது. பயாஸ் வாயைத் திறந்து குறை சொல்கிறது என்று அர்த்தம். எத்தனை நீளம், எத்தனை குட்டை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவார்டு என்ற கம்பெனியின் பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் கோளாறு திரை அட்டையில். மெமரி என்றால் கழற்றி, தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இந்த வைத்தியம் அடிக்கடி பலிக்கும். வேறு மெமரி வாங்குவதாக இருந்தால் டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் 240 ஊசிதான், ஆனால் பள்ளம் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது வேறு ஜாதி.

இப்போது இரண்டாவது பெரட்டு. ‘மை கம்ப்யூட்டர்’ மேல் வலது சொடுக்கு, ‘மேனேஜ்’, அதில் ‘டிவைஸ் மேனேஜர்’. இதுதான் கிராணியின் செக்ரோல். மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி போட்ட பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உண்மையில் அது நல்ல செய்தி. ஆள் வந்து நிற்கிறான், விண்டோஸுக்கு அவன் பேசும் பாஷை தெரியவில்லை. இன்றைக்குத் தோட்டங்களில் வங்காளதேசத்து ஆள்கள், இந்தோனேசிய ஆள்கள். மண்டோருக்கும் அவர்களுக்கும் நடுவில் பாஷை தெரிந்த ஒருவன் இல்லாவிட்டால் ஆள் நின்றும் வேலை நடக்காது. டிரைவர் என்பது அந்த நடுவன்தான்.

அந்தப் பெயரை இரண்டு முறை சொடுக்கினால் ஓர் எண் சொல்லும். 28 என்றால் டிரைவரே போடவில்லை. 10 என்றால் போட்டிருக்கிறது, ஆனால் ஓட மறுக்கிறது. 43 என்றால் கருவியே தனக்குக் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் நிறுத்திவிட்டது. என்ன கருவி என்றே தெரியாமல் ‘அன்னோன் டிவைஸ்’ என்று இருந்தால் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏடிஐ. கூடவே வரும் டிவைஸ் எண்ணையும் சேர்த்து இணையத்தில் தேடினால் எந்தச் சில்லு என்று தெரிந்துவிடும். ‘எல்லா டிரைவரையும் நாங்களே கண்டுபிடித்துத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். ஒரு டிரைவர் தேடப்போய் ஐந்து வேண்டாத விருந்தாளிகளோடு திரும்புவீர்கள். இன்னொன்று, எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. டிரைவரை வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவருவதே நல்லது.

செக்ரோலில் ஆச்சரியக்குறியும் இல்லை, பெயரும் இல்லை என்றால்? கருவியா, விண்டோஸா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான லினக்ஸை ஒரு பென்டிரைவிலோ டிவிடியிலோ எழுதி, டிஸ்க்கில் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை ஓடவிடுவது. வேறு ஊர் மண்டோரைக் கூட்டிவந்து பெயர் கூப்பிடச் சொல்வது மாதிரி. அவருக்கும் குரல் வரவில்லை என்றால் கருவியிலோ இணைப்பிலோதான் கோளாறு. வந்தால், பழி விண்டோஸ் மேல்.

இப்படித்தான் பக்கத்து வீட்டு அக்காவின் நெட்வொர்க் அட்டையைக் கண்டுபிடித்தேன். பேராக்கின் மத்தியான இடி தெரியும்தானே, மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தால் கோழி கூடத் தாழ்வாரத்துக்கு ஓடும். அவர் கரண்டு பிளக்கை மட்டும் பிடுங்கினார், மோடத்துக்கு வரும் தொலைபேசிக் கம்பியை விட்டுவிட்டார். மின்னல் அந்த வழியாக வந்து, மோடத்தைத் தாண்டி, நெட்வொர்க் அட்டையைச் சுட்டுவிட்டது. கணினி நன்றாக ஓடியது, அட்டை மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. மதர்போர்டிலேயே பதிந்த அட்டை என்பதால் பயாஸில் அதை அணைத்துவிட்டு, கூடுதல் அட்டை செருகும் பிசிஐ துளையில் தனி அட்டை ஒன்று போட்டோம்.

யுஎஸ்பி கருவிகளுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். முன்பக்கத் துளையில் வேலை செய்யாததைப் பின்பக்கத் துளையில் மாட்டிப் பாருங்கள். பின்பக்கம் நேராக மதர்போர்டில் இருக்கிறது. முன்பக்கத்துக்கு மெல்லிய ஒயர் ஓடுகிறது, வழியில் பலம் குறையும். யுஎஸ்பி 2.0 துளை தரவேண்டியது 500 மில்லியாம்பியர்தான். வெளியே மாட்டும் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்டால், விளக்கு எரியும், ‘கிர்’ என்று ஒரு சத்தம் வரும், டிஸ்க் வராது. அப்புறம், துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். தோட்டத்து வீடு ஒன்றில் பின்பக்கத் துளை இரண்டையும் குளவி மண்ணால் பூசிக் கூடு கட்டியிருந்ததை நானே பல்குச்சியால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

மாமாவின் டிஸ்க்குக்கு வருவோம். 40 ஜிபியின் ஜம்பரை நுனிமூக்குக் குறட்டால் பிடுங்கி ஸ்லேவ் இடத்தில் வைத்து, கேபிளின் நடுமுனையில் மாட்டினேன். பயாஸில் இரண்டு பெயரும் தெளிவாக வந்தன. விண்டோஸிலும் வந்தது, இ என்று எழுத்தும் கிடைத்தது. எழுத்து வராமல் போயிருந்தால் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் வலது சொடுக்கி நாமே எழுத்துக் கொடுக்கலாம். ஆனால் அங்கே விண்டோஸ் ‘இனிஷியலைஸ் செய்யட்டுமா’, ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று மரியாதையாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே படம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தால் ‘ஆக்சஸ் டினைட்’. மாமாவின் முகம் விழுந்துவிட்டது. டிஸ்க் கெடவில்லை. பழைய கணினியில் அவர் பாஸ்வேர்டு போட்டு, ஃபோல்டரைத் தனக்கு மட்டும் என்று வைத்திருந்தார். இந்த எக்ஸ்பிக்கு அந்தப் பழைய மாமா யார் என்று தெரியாது. எக்ஸ்பி ஹோமில் இதற்கான ‘செக்யூரிட்டி’ பக்கம் சேஃப் மோடில்தான் தெரியும். எஃப்8 தட்டிச் சேஃப் மோடில் போய், அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, ஃபோல்டரின் உரிமையாளரை மாற்றி, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து என்று ஒரு கட்டத்தில் குறியிட்டேன். தே தாரே டீ ஆறும்வரை அந்த வேலை ஓடியது. படங்கள் திறந்தன. முதல் வேலையாக எல்லாவற்றையும் 80 ஜிபிக்கும் ஒரு பென்டிரைவுக்கும் நகல் எடுத்தேன்.

பேரன் மறுபடி கழற்றுவான் என்று தெரியும். அதனால் டிஸ்க்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மாமாவிடம் பேனாவைக் கொடுத்து, இதில் ‘ஸ்லேவ்’ என்று எழுதி வையுங்கள் என்றேன். “அப்படின்னா அடிமைதானே?” என்றார். ஆமாம், பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், தொழில்நுட்பத் தரநூலில் 0, 1 என்று எண்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் செக்ரோலில் எழுதுவதுபோலக் குனிந்து, ‘இரண்டாம் ஆள்’ என்று எழுதி ஒட்டினார்.